ஜன்னலுக்கு வெளியே நீண்ட கைகள்: கோகோலின் ‘ரெவிசோர்’ பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நகரத் தலைமை அதிகாரி விடுதி அறையில் கொடுத்தது 400 ரூபிள். மறுநாள் நீதிபதி கொடுத்தது 300. தபால் அதிகாரி 300. பள்ளிக் கண்காணிப்பாளர் 300. தரும நிலையங்களின் பொறுப்பாளர் 400. ஊரின் நிலக்கிழார்கள் இருவர் பையைத் துழாவித் துழாவிச் சேர்த்துக் கொடுத்தது 65. வணிகர்கள் 500, அதோடு சர்க்கரையும் மதுவும். வண்டி ஏறும் நேரத்தில் நகரத் தலைமை அதிகாரியே மறுபடியும் 400. ஆகமொத்தம் 2,665 ரூபிள். இதற்கு மேல் நல்ல பாரசீகக் கம்பளம் ஒன்று, அஞ்சல் நிலையத்தின் மிகச் சிறந்த குதிரைகள்.

வாங்கியவன் ஒருவரிடமும் லஞ்சம் கேட்கவில்லை, கடன்தான் கேட்டான். கொடுத்தவர்களில் ஒருவரும் ‘உங்கள் நியமனக் கடிதத்தைக் காட்டுங்கள்’ என்று கேட்கவில்லை.

1836ஆம் ஆண்டு மேடையேறிய, நிக்கொலாய் கோகோலின் ஐந்து அங்க நகைச்சுவை நாடகமான ‘ரெவிசோர்’ சொல்லும் வரவுசெலவு இது. ரெவிசோர் என்றால் தணிக்கை செய்ய மேலிடத்திலிருந்து வரும் அதிகாரி. நாடகத்தை மூன்றாம் முறை படித்தபோது இந்தத் தொகைகளைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிக் கூட்டினேன். அதன் பிறகு எனக்கு இது ஆள்மாறாட்டக் கதையாகத் தெரியவில்லை, ஒரு வழக்குக் கட்டாகவே தெரிகிறது. அந்தக் கட்டில் இரண்டு நிகழ்வுகள் இருக்கின்றன. ஒன்று பெயரில்லாத ஒரு சிற்றூரில், மேடைமீது நடக்கிறது. மற்றொன்று அந்த நாடகத்துக்கு அன்றைய ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில் நேர்ந்தது. இரண்டிலும் தவறு ஒரே இடத்தில்தான் இருக்கிறது: மேலிருந்து ஒருவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில்.

ஊரும் அதன் தலைவரும்

“இங்கிருந்து மூன்று ஆண்டுகள் குதிரையில் போனாலும் வேறெந்த நாட்டையும் எட்ட முடியாது” என்று நகரத் தலைமை அதிகாரி தன் ஊரைப் பற்றிச் சொல்கிறார். அவர் பெயர் அந்தோன் அந்தோனவிச். பணியில் முப்பது ஆண்டுகள் பழுத்தவர். ரஷ்ய மொழியில் அவருடைய பதவிக்குக் ‘கொரொத்னீச்சி’ என்று பெயர். இரண்டாம் கேத்தரீன் 1775இல் செய்த மாகாணச் சீர்திருத்தத்தில் உருவான பதவி அது. மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் அல்லர் அவர். அரசு நியமித்தவர், காவல் துறையைக் கையில் வைத்திருப்பவர். அவருக்கு மேலே மாகாண ஆளுநர் இருக்கிறார், ஆளுநருக்கு மேலே தலைநகர் இருக்கிறது. கீழே இருப்பவர்களுக்கு அவர் எந்த விதத்திலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நடப்பவை எல்லாம் விளங்கிவிடும்.

தலைநகரிலிருந்து ஒரு தணிக்கை அதிகாரி, தான் யார் என்பதை மறைத்துக்கொண்டு மாகாணத்துக்கு வந்திருக்கிறார் என்று நண்பர் ஒருவரிடமிருந்து அவருக்குக் கடிதம் வருகிறது. உடனே அதிகாரிகளைக் கூட்டி, யார் யார் எதைச் சீர்செய்ய வேண்டும் என்று சொல்கிறார். நாடகத்தின் இந்த முதல் பகுதியை நான் ஒரு தணிக்கை அறிக்கையாகவே படிக்கிறேன். உண்மையான தணிக்கையாளர் ஆறு மாதம் தங்கியிருந்தாலும் இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்க மாட்டார், ஏனென்றால் இதைச் சொல்பவருக்கு ஊரின் ஒவ்வொரு ஓட்டையும் தெரியும்.

மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் தூய தலைக்குல்லாய் போடுங்கள், கட்டிலுக்கு மேல் நோயின் பெயரை லத்தீனில் எழுதித் தொங்கவிடுங்கள், நோயாளிகளின் எண்ணிக்கையையும் குறைத்துவிட்டால் நல்லது. மனுதாரர்கள் காத்திருக்கும் நீதிமன்ற முன்கூடத்தில் காவலாட்கள் வாத்து வளர்க்கிறார்கள், அதை அப்புறப்படுத்துங்கள். செருப்புத் தைப்பவன் வீட்டருகே இருக்கும் பழைய வேலியைப் பிடுங்கிவிட்டு, ஏதோ திட்டம் நடப்பதுபோல ஒரு கம்பத்தை நட்டு வையுங்கள். இடிப்பது எவ்வளவு அதிகமோ, நிர்வாகம் அவ்வளவு சுறுசுறுப்பாகத் தெரியும். ஆனால் அந்த வேலியோரம் நாற்பது வண்டிக் குப்பை குவிந்திருக்கிறதே என்று அவருக்கே நினைவு வருகிறது. தரும நிலையத்தோடு சேர்த்து ஒரு தேவாலயம் கட்ட ஐந்து ஆண்டுகளுக்கு முன் பணம் ஒதுக்கப்பட்டது. யாராவது கேட்டால், கட்டத் தொடங்கினோம், எரிந்துபோயிற்று என்று சொல்லுங்கள், அறிக்கைகூட அனுப்பியிருக்கிறேன், யாராவது மறதியில் அது தொடங்கப்படவே இல்லை என்று உளறிவிடப் போகிறார்கள்.

தரும நிலையங்களின் பொறுப்பாளர் ஸெம்லியனிகா தன் மருத்துவக் கொள்கையைச் சொல்கிறார்: விலையுயர்ந்த மருந்து எதுவும் நாங்கள் தருவதில்லை. எளிய மனிதன் சாக வேண்டுமென்றால் எப்படியும் சாவான், பிழைக்க வேண்டுமென்றால் எப்படியும் பிழைப்பான். அங்கே இருக்கும் மருத்துவர் ஜெர்மானியர், அவருக்கு ரஷ்ய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. இரண்டு அங்கங்களுக்குப் பிறகு, நோயாளிகள் குறைவாக இருக்கிறார்களே என்று வந்தவன் கேட்கிறான். நான் பொறுப்பேற்றதிலிருந்து எல்லோரும் ஈக்களைப் போலக் குணமாகிறார்கள் என்று அதே மனிதர் பதில் சொல்கிறார். ஈக்கள் எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அரங்கம் சிரிக்கும் இடம் இது. எனக்கு அங்கே சிரிப்பு வந்தவுடனே அடைத்துப்போகிறது. குல்லாய் மாட்டிவிடப்பட்ட அந்த நோயாளிகளை கோகோல் ஒரு முறைகூட மேடைக்குக் கொண்டுவருவதில்லை. எண்ணிக்கை குறைந்தது என்ற செய்தி மட்டும் நமக்கு வருகிறது.

நீதிபதி லியாப்கின்-தியாப்கின் பணம் வாங்குவதில்லையாம், வேட்டை நாய்க்குட்டிதான் வாங்குகிறாராம். தபால் அதிகாரி ஷ்பேகின் ஊர்க் கடிதங்களையெல்லாம் பிரித்துப் படிக்கிறார், பிடித்தவற்றைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். வணிகன் ஒருவன் சீருடைக்கு இரண்டு முழம் துணி கொடுக்க, ஒரு காவலர் துணிச்சுருள் முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டார். நகரத் தலைமை அதிகாரி அவரைக் கண்டிக்கும் வாசகம் ரஷ்ய மொழியில் பழமொழியாகவே ஆகிவிட்டது: “உன் பதவிக்கு மேல் வாங்குகிறாய்!” வாங்கியது குற்றமில்லை, வரிசை மீறியதுதான் குற்றம். மகா பீட்டர் 1722இல் அரசுப் பணியைப் பதினான்கு படிகளாக வகுத்துப் பட்டியலிட்டார். அந்தப் படிகளுக்கு ஏற்பச் சம்பளமும் மரியாதையும் வகுக்கப்பட்டன. எழுதப்படாத மாமூல் அளவும் அதே படிகளில் ஏறி இறங்கியது. லஞ்சம் இந்த ஊரில் ஒழுங்கு குலைந்ததால் வந்த நோய் என்று நான் நினைக்கவில்லை. இங்கே ஒழுங்கு என்று இருப்பதே அதுதான்.

அச்சம் உண்டாக்கிய அதிகாரி

வந்தவன் பெயர் ஹ்லெஸ்தகோவ். வயது இருபத்து மூன்று இருக்கும். பதினான்கு படிகளில் கடைசிப் படியில் இருக்கும் எழுத்தன். பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து சராத்தொவ் மாகாணத்தில் இருக்கும் தந்தையிடம் போகிறான். வழியில் பென்சாவில் ஒரு காலாட்படைத் தலைவனிடம் சீட்டாடிப் பணத்தைத் தோற்றுவிட்டான். விடுதியில் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அறையில் இரண்டாவது வாரமாகக் கிடக்கிறான். உணவுக்குக்கூடக் காசில்லை.

அவன்தான் தணிக்கை அதிகாரி என்பதற்கு அந்த நிலக்கிழார்கள் இருவரும், பொப்சின்ஸ்கியும் தொப்சின்ஸ்கியும், காட்டும் சான்று இது: காசும் கொடுப்பதில்லை, ஊரை விட்டுப் போவதுமில்லை, வேறு யாராக இருக்க முடியும்? எங்கள் தட்டில் இருந்த மீனைக்கூட உற்றுப் பார்த்தான்! பட்டினி கிடப்பவன் தட்டைப் பார்க்கிறான், அச்சத்தில் இருப்பவர்கள் அதை ஆய்வு என்கிறார்கள். சான்று அபத்தமாக இருக்கிறது, ஆனால் தர்க்கம் பிழையில்லாதது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், யார் அனுமதியும் இல்லாமல் தங்கியிருக்கக்கூடிய ஒரே வகை மனிதரை அந்த ஊர் அறிந்திருக்கிறது. அவர் மேலதிகாரி.

விடுதி அறைக் காட்சி நாடக இலக்கியத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் ஒன்று. நகரத் தலைமை அதிகாரி நுழைகிறார். கடனுக்காகச் சிறையில் போட வந்திருக்கிறார்கள் என்று ஹ்லெஸ்தகோவ் நடுங்குகிறான். நடுக்கத்தை மறைக்க, நேராக அமைச்சரிடமே போவேன் என்று கத்துகிறான். எதிரில் நிற்பவருக்கு அது தீர்ப்புபோல ஒலிக்கிறது. சம்பளம் சர்க்கரைக்கும் தேநீருக்குமே போதாது, ஏதாவது வாங்கியிருந்தாலும் மிக அற்பமான அளவுதான் என்று அவர் தானாகவே வாக்குமூலம் கொடுக்கிறார். யாரும் குற்றம் சாட்டவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்டு அஞ்சி நிற்கிறார்கள், அச்சமே இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக, பதவியோடும் சீருடையோடும், உருவாகிறது. உண்மையான ரெவிசோர் அதுதான். ஹ்லெஸ்தகோவ் வெறும் கோட்டுத் தாங்கி.

ஹ்லெஸ்தகோவை எத்தன் என்று சொல்பவர்களோடு நான் முற்றிலும் மாறுபடுகிறேன். கோகோலும் மாறுபட்டார். முதல் நாள் அந்தப் பாத்திரத்தில் நடித்த நிக்கொலாய் த்யூர் அவனை வழக்கமான கேலி நாடகப் புளுகனாக ஆக்கிவிட்டார் என்று அவர் மனம் உடைந்துபோனார். அவன் தொழில்முறைப் பொய்யன் அல்ல, பொய் சொல்கிறோம் என்பதையே மறந்துவிடுகிறான், சொல்வதைக் கிட்டத்தட்ட நம்பியும் விடுகிறான் என்று விளக்கி எழுதினார். விருந்துக்குப் பின் வரும் காட்சியைப் பாருங்கள். பாரிசிலிருந்து கப்பலில் நேராகச் சட்டியோடு வந்திறங்கும் சூப், 700 ரூபிள் விலையுள்ள தர்ப்பூசணி, கவிஞர் புஷ்கினோடு நட்பு, ஒரு துறைக்குத் தலைமை ஏற்கச் சொல்லி 35,000 தூதர்கள் தெருக்களில் ஓடிவந்த கதை. ஒவ்வொரு பொய்யும் எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் நம்ப நம்ப வளர்கிறது. அவர்கள் ஆசைப்படும் அதிகாரம் எப்படிப்பட்டதோ அதையே அவன் அவர்களுக்குத் திருப்பிச் சொல்கிறான். பொய்யின் உள்ளடக்கத்தை எழுதுபவர்கள் கேட்பவர்கள்தான்.

பொப்சின்ஸ்கியின் வேண்டுகோள் ஒன்று தனியாக நிற்கிறது. பீட்டர்ஸ்பர்க் போனதும் அங்கே இருக்கும் பெருமக்களிடமும், முடிந்தால் மன்னரிடமும், இன்ன ஊரில் பியோத்தர் இவானவிச் பொப்சின்ஸ்கி என்று ஒருவன் வாழ்கிறான் என்று சொல்லுங்கள். இவ்வளவுதான். அவனுக்குப் பதவி வேண்டாம், பணம் வேண்டாம். மேலே இருப்பவர்களுக்குத் தான் இருப்பது தெரிய வேண்டும். மேலிருந்து ஒருவர் பார்த்தால்தான் மனிதன் மனிதனாக ஆகிறான் என்று நம்பவைக்கும் ஓர் அமைப்பு எவ்வளவு ஆழமாக ஒருவனுக்குள் இறங்கியிருந்தால் இப்படி ஒரு வேண்டுகோள் வரும்!

ஜன்னல்

இந்த நாடகத்தைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் லஞ்சக் காட்சியைப் பேசுகிறார்கள், கடைசி ஊமைக் காட்சியைப் பேசுகிறார்கள். நான்காம் அங்கத்தில் மனுதாரர்கள் வரும் இடத்தை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு வழக்கின் நடுப்பகுதி அதுதான்.

முதலில் வணிகர்கள் வருகிறார்கள். நகரத் தலைமை அதிகாரி கடைக்குள் நுழைந்து கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொள்கிறார் என்பது புகார். அவருடைய பெயர்த்திருநாள், அதாவது அவர் பெயர் கொண்ட புனிதரின் நாள், புனித அந்தோனின் நாளில் வருகிறது. அதற்கு எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம், போதாதென்று புனித ஒனூஃபிரியின் நாளிலும் கொடுக்க வேண்டுமாம். ஹ்லெஸ்தகோவ் 300 கடன் கேட்கிறான். 300 எதற்கு, 500 வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். லஞ்சத்தைப் பற்றிய புகாரை லஞ்சம் கொடுத்துத்தான் பதிவுசெய்ய முடிகிறது. இவர்களும் அப்பாவிகள் அல்லர். பாலம் கட்டும்போது நூறு ரூபிளுக்குக்கூட மரம் வாங்காமல் இருபதாயிரம் என்று கணக்கு எழுதினாயே, அதற்கு உதவியவன் நான்தானே என்று ஐந்தாம் அங்கத்தில் நகரத் தலைமை அதிகாரி அவர்களில் ஒருவனிடம் கேட்கிறார். அந்தப் பாலத்தில் நடக்கப்போகிறவர்கள் யார் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை.

பிறகு இரண்டு பெண்கள். ஒருத்தி பூட்டுத் தொழிலாளியின் மனைவி போஷ்லியோப்கினா. அவள் கணவனைப் படைக்குப் பிடித்துப் போய்விட்டார்கள். முறை அவனுடையது அல்ல. தையல்காரனின் மகன்தான் போக வேண்டும். அவன் பெற்றோர் பெரிய பரிசு கொடுத்துவிட்டார்கள். அடுத்து ஒரு வணிகப் பெண்ணின் மகன் போக வேண்டும். அவள் நகரத் தலைமை அதிகாரியின் மனைவிக்கு மூன்று துணிச்சுருள் அனுப்பிவிட்டாள். அதனால் முறை இவள் வீட்டுக்கு வந்துவிட்டது. உன் கணவன் திருடன், இப்போது திருடாவிட்டாலும் பின்னால் திருடுவான் என்று காரணமும் சொல்லப்பட்டது. அன்றைய ரஷ்யாவில் படைக்கு எடுப்பது என்றால் 20, 25 ஆண்டுகள். கணவன் உயிரோடு இருக்கையிலேயே அவளைக் கைம்பெண்ணாக்கும் ஆணை அது. அதன் விலை மூன்று துணிச்சுருள்.

மற்றவள் படையில் சிறு பதவி வகித்த ஒருவனின் மனைவி. சந்தையில் பெண்கள் சண்டை போட்டார்கள், காவலர்கள் தாமதமாக வந்து இவளைப் பிடித்துச் சவுக்கால் அடித்தார்கள். இரண்டு நாள் உட்கார முடியவில்லை. நகரத் தலைமை அதிகாரி முந்திக்கொண்டு தரும் விளக்கம்: “அவள் பொய் சொல்கிறாள். தன்னைத்தானே சவுக்கால் அடித்துக்கொண்டாள்.” இதுவும் ரஷ்யாவில் பழமொழியாகிவிட்டது. அவள் கேட்பது என்ன என்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை. தவறாக அடித்ததற்கு அவர் அபராதம் கட்டட்டும், அந்தப் பணம் எனக்கு இப்போது மிகவும் உதவும் என்கிறாள். நீதி கிடைக்கும் என்று அவள் எதிர்பார்ப்பதில்லை. பட்ட அடிக்கு ஒரு விலையாவது கிடைக்குமா என்றுதான் பார்க்கிறாள்.

அதற்குப் பின் வரும் மேடைக்குறிப்பு எனக்கு மனப்பாடம். ஜன்னல் வழியாக மனுக்களோடு கைகள் நீளுகின்றன. ஹ்லெஸ்தகோவுக்கு அலுத்துப்போயிற்று, வேண்டாம், யாரையும் விடாதே என்கிறான். அவனுடைய வேலையாள் ஓசிப் ஜன்னலில் கத்துகிறான்: “போங்கள், போங்கள், இப்போது நேரமில்லை, நாளை வாருங்கள்!” கதவு திறக்கிறது. சவரம் செய்யாத முகமும் வீங்கிய உதடும் கட்டுப்போட்ட கன்னமுமாக, முரட்டுக் கம்பளிக் கோட்டணிந்த ஒருவன் தெரிகிறான், அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர். ஓசிப் அவன் வயிற்றில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வெளியேறிக் கதவைச் சாத்துகிறான்.

அந்த மனிதனுக்குப் பெயர் இல்லை, வசனமும் இல்லை. யார் அவன் உதட்டை வீங்கவைத்தார்கள் என்பது நாடகம் முடியும்வரை தெரியாது. என் தாயின் ஓய்வூதியக் காகிதத்தோடு ஓர் அலுவலக ஜன்னலுக்கு வெளியே பதினொரு முறை நின்றிருக்கிறேன். பன்னிரண்டாம் முறை போகும்போது காகிதத்தை நீட்டும் கைக்கே வெட்கம் வந்துவிடும். அதனால் இந்தக் குறிப்பை என்னால் ஒரு நகைச்சுவை உத்தியாகப் படிக்க முடிவதில்லை. மேலிருந்து வந்தவரின் வீட்டு வேலையாள்கூட, அந்த வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே, ‘நாளை வா’ என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டான். உண்மையான தணிக்கையாளர் வந்தாலும் அந்த ஜன்னலில் ஓர் ஓசிப் நிற்பான். கோகோல் இதை ஒரு வசனமாகச் சொல்லவில்லை. நடத்திக் காட்டிவிட்டார்.

பீட்டர்ஸ்பர்க்கில் நடந்தது

கோகோல் 1809இல், இன்றைய உக்ரைனில் இருக்கும் பொல்தாவா பகுதியில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் தலைநகர் வந்து அரசு அலுவலகங்களில் கடைநிலை எழுத்தராக வேலை பார்த்தார். ஹ்லெஸ்தகோவின் மேசை எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். 1835 அக்டோபர் 7 தேதியிட்ட கடிதத்தில் அவர் புஷ்கினிடம் ஒரு கதைக்கரு கேட்கிறார்: சிரிப்புள்ளதோ இல்லாததோ, சுத்தமான ரஷ்ய நிகழ்வு ஒன்று தாருங்கள், நகைச்சுவை எழுதக் கை துடிக்கிறது. புஷ்கினிடம் அப்படிப்பட்ட அனுபவம் இருந்தது. 1833இல், புகச்சோவ் என்பவன் தலைமையில் முந்தைய நூற்றாண்டில் நடந்த கலகத்தின் வரலாற்றுக்காகச் சான்றுகள் தேடி அவர் பயணம் போனபோது, நீஷ்னி நோவ்கரத் ஆளுநர் அவரை இரகசிய விசாரணைக்கு வந்தவராக ஐயுற்று, எச்சரிக்கையாக இருங்கள் என்று ஓரன்புர்க் ஆளுநருக்குக் கடிதம் எழுதினாராம். நாடகத்தின் சிற்றூர் மிகையானது என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நாடறிந்த கவிஞரே தணிக்கை அதிகாரியாகத் தெரிந்தார் என்றால் ஹ்லெஸ்தகோவ் தெரிந்ததில் வியப்பென்ன?

சில வாரங்களிலேயே முதல் வடிவம் தயாராகிவிட்டது. 1836 ஜனவரியில் கவிஞர் ஷுக்கோவ்ஸ்கியின் வீட்டில் கோகோல் அதைப் படித்துக் காட்டினார். மன்னர் குடும்பத்தோடு நெருக்கமுள்ள நண்பர்கள் நாடகத்தை அரண்மனைவரை கொண்டுசென்றார்கள். அனுமதி கிடைத்தது.

இது சிறிய செய்தி அல்ல. 1798இல் நீதிமன்ற லஞ்சத்தைப் பற்றிக் கப்னீஸ்த் எழுதிய நகைச்சுவை நாடகம் நான்கே முறை மேடையேறியதோடு தடைசெய்யப்பட்டு, அச்சிட்ட பிரதிகளும் பறிமுதல் செய்யப்பட்டன. முதலாம் நிக்கொலாய் மன்னரின் ஆட்சி அதைவிட இளகியது அல்ல. 1826இல் அவர் தொடங்கிய ‘மூன்றாம் பிரிவு’ என்ற இரகசியக் காவல் அமைப்புதான் மேடை நாடகங்களையும் தணிக்கை செய்தது. அப்படிப்பட்ட ஆட்சியில் இந்த நாடகம் எப்படிப் பிழைத்தது? என் கணிப்பு இது: மன்னர் நாடகத்தில் தன்னைத் தீர்வாகப் பார்த்தார். கீழே இருப்பவர்கள் திருடுகிறார்கள், அவர்கள் திருடாமலிருக்க மேலிருந்து கண்காணிக்க வேண்டும் என்பது அவருடைய ஆட்சிக் கொள்கையே. கடைசிக் காட்சியில், மன்னரின் தனி ஆணைப்படி வந்திருக்கும் அதிகாரி உங்களை உடனே அழைக்கிறார் என்று அறிவிப்பது ஒரு ஜெண்டார்ம். அவர் மூன்றாம் பிரிவின் படைவீரர். அந்தச் சீருடை மேடையில் தோன்றியதும் ஆட்சியாளர்களுக்கு நிம்மதி பிறந்திருக்கும்.

அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி 1836 ஏப்ரல் 19 அன்று அலெக்சாந்திரின்ஸ்கி அரங்கில் நாடகம் அரங்கேறியது. நகரத் தலைமை அதிகாரியாக இவான் ஸொஸ்னீத்ஸ்கி நடித்தார். மன்னர் பட்டத்து இளவரசரோடு வந்திருந்தார், நன்றாகச் சிரித்தார். “எல்லோருக்கும் கிடைத்தது, எனக்குத்தான் எல்லோரையும்விட அதிகம்” என்று அவர் சொன்னதாக ஒரு செய்தி வழிவழியாக வருகிறது. சொல்லியிருந்தால், அன்று அந்த அரங்கில் சொல்லப்பட்ட மிகச் சரியான விமர்சனம் அதுதான்.

மற்றவர்கள் அவ்வளவு தெளிவாக இல்லை. முதல் அங்கத்திலேயே எல்லா முகங்களிலும் குழப்பம் தெரிந்தது, நாடகம் முடியும்போது அது கோபமாக மாறியிருந்தது என்று அன்று அங்கிருந்த அன்னென்கோவ் எழுதியிருக்கிறார். நடக்க முடியாதது, அவதூறு, கோமாளிக் கூத்து என்பது உயர்குடிப் பார்வையாளர்களின் தீர்ப்பு. ஃபியோதர் தல்ஸ்தோய் என்ற பிரபு, கோகோல் ரஷ்யாவின் எதிரி, விலங்கிட்டு சைபீரியாவுக்கு அனுப்ப வேண்டும் என்றார். அதிகாரிகள் எதிர்ப்பு, காவல் துறை எதிர்ப்பு, வணிகர்கள் எதிர்ப்பு, எழுத்தாளர்கள் எதிர்ப்பு என்று கோகோல் மாஸ்கோவிலிருந்த நடிகர் மிஹயீல் ஷ்செப்கினுக்கு எழுதினார். “உண்மையின் மிகச் சிறிய அடையாளம் தெரிந்தாலும் போதும், ஒரு மனிதர் அல்ல, வகுப்புகள் முழுவதும் எதிராக எழுகின்றன.” மன்னரின் ஆதரவு இல்லாவிட்டால் நாடகம் மேடையே ஏறியிருக்காது என்றும் அதே கடிதத்தில் சொல்கிறார்.

இந்த வரியில்தான் இரண்டாவது நிகழ்வின் வேதனை இருக்கிறது. மேலிருந்து வரும் தயவை மட்டும் நம்பி வாழும் ஓர் ஊரைப் பற்றி எழுதியவர், தன் நாடகத்தையும் மேலிருந்து வந்த தயவால்தான் காப்பாற்ற முடிந்தது. ஜூன் மாதம் அவர் நாட்டை விட்டுப் போனார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி வெளிநாட்டில், குறிப்பாக ரோமில், கழிந்தது.

கோடை முடிவதற்குள் அதே அரங்கில் ‘உண்மையான ரெவிசோர்’ என்று ஒரு தொடர் நாடகம் போட்டார்கள். அதில் நல்ல தணிக்கை அதிகாரி வந்து ஊரை ஒழுங்குபடுத்துகிறார். அது எடுபடவில்லை. அதைத் திறமையில்லாதவர் ஒருவரின் முயற்சி என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கோகோலின் முடிவை நிம்மதியான முடிவாக மாற்றிக்கொள்ள ஒரு தலைநகரமே எவ்வளவு துடித்தது என்பதற்கு அது சான்று.

ஊமைக் காட்சி

கோகோல் தந்த முடிவில் நிம்மதி இல்லை. ஜெண்டார்ம் சொன்னதும் எல்லோரும் கல்லாகிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும் என்பது அவருடைய குறிப்பு. மேடையில் ஒன்றரை நிமிடம் மிக நீண்ட நேரம். முதல் பத்து நொடிகள் பார்வையாளர்கள் சிரிப்பார்கள், பிறகு சிரிப்பு நின்றுவிடும், அதன் பிறகு அவர்களுக்குத் தங்கள் மூச்சு கேட்கும். 1926 டிசம்பரில் மாஸ்கோவில் மேயர்ஹோல்த் இந்த நாடகத்தை இயக்கியபோது, கடைசியில் நடிகர்களுக்குப் பதிலாக ஆளுயரப் பொம்மைகளை நிறுத்தினார். பார்த்தவர்களுக்கு அது பொம்மை என்று புரியவே சிறிது நேரமாயிற்றாம்.

1842இல் வெளியான திருத்திய பதிப்பில்தான் இன்று நாம் படிக்கும் வடிவம் இருக்கிறது. ‘முகம் கோணலாக இருக்க, கண்ணாடியைப் பழிக்காதே’ என்ற பழமொழியை அதன் முகப்பில் கோகோல் சேர்த்தார். ஏமாந்துபோன நகரத் தலைமை அதிகாரி பார்வையாளர்களைப் பார்த்து, எதற்குச் சிரிக்கிறீர்கள், உங்களைப் பார்த்துத்தான் சிரித்துக்கொள்கிறீர்கள் என்று கத்துவதும் இந்த வடிவத்தில்தான். அந்த இடத்தில் அவருடைய வேதனை உண்மையானது. மூன்று ஆளுநர்களை ஏமாற்றியவன் நான் என்கிறார். மூன்று பேரும் மேலிருந்து வந்தவர்கள் என்பதை அவர் பெருமையாகச் சொல்கிறார். மேலிருந்து வரும் கண்காணிப்பு எப்படி வேலை செய்யும் என்பதற்கு வழக்குக் கட்டில் இதைவிட நல்ல சாட்சியம் இல்லை. இந்த முறை அவர் கலங்குவது பிடிபட்டதற்காக அல்ல, கொடுக்கக் கூடாத ஆளிடம் கொடுத்துவிட்டோமே என்றுதான். ஜெண்டார்ம் அறிவித்த புதிய அதிகாரியிடம் அவர் என்ன கொண்டுபோவார் என்பதை நாம் ஊகிக்கலாம். 2,665 ரூபிளை யாரிடமிருந்து திரும்ப எடுப்பார் என்பதையும்.

பிற்காலத்தில் கோகோலே தன் நாடகத்தைக் கண்டு அஞ்சத் தொடங்கினார் என்று நினைக்கிறேன். 1846இல் ஒரு விளக்கப் பின்னுரை எழுதினார். இந்த ஊர் எங்கும் இல்லை, இது நம் ஆன்மா, அதிகாரிகள் நம் உள்ளத்தின் இச்சைகள், ரெவிசோர் நம்முடைய மனச்சாட்சி என்று அதில் வருகிறது. சமயத் தேடலில் மூழ்கியிருந்த ஒருவரின் உண்மையான வார்த்தைகள்தாம் அவை, அவரை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அந்த விளக்கத்தை ஏற்றால் சவுக்கடி பட்ட பெண்ணை என்ன செய்வது? அவள் யாருடைய ஆன்மாவின் எந்தப் பகுதி?

அதை ஏற்க மறுத்தவர் ஷ்செப்கின். 1836 மே 25 அன்று மாஸ்கோவின் மாலி அரங்கில் நகரத் தலைமை அதிகாரியாக முதலில் நடித்தவர் அவர். பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். மேடையில் புகழ்பெற்ற பிறகும் வேறொருவரின் உடைமையாக இருந்து, நன்கொடை திரட்டிய பணத்தால் விடுதலை வாங்கப்பட்டவர். சாட்டை எப்படியிருக்கும், ஜன்னலுக்கு வெளியே நிற்பது எப்படியிருக்கும் என்று அறிந்த மனிதர் அந்த அதிகாரியின் கோட்டை மாட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்காக மேடையேறினார். 1847 மே மாதம் கோகோலுக்கு அவர் எழுதிய கடிதம் பணிவானது, ஆனால் அசையாதது. இவர்கள் அதிகாரிகள் அல்ல, நம்முடைய இச்சைகள் என்ற குறிப்பெல்லாம் எனக்கு வேண்டாம், இவர்கள் மனிதர்கள், உயிருள்ள மனிதர்கள், இவர்கள் நடுவில்தான் நான் வளர்ந்தேன், கிட்டத்தட்ட முதுமையும் அடைந்துவிட்டேன் என்றார். எனக்குப் பிறகு இவர்களை ஆட்டுக்கடாக்களாக வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், நான் இருக்கும்வரை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றும் எழுதினார்.

கொரொத்னீச்சி பதவியை ரஷ்ய அரசு 1862இல் ஒழித்தது. ஷ்செப்கின் அதற்கு அடுத்த ஆண்டு இறந்தார்.